நுரையீரலைச் சுற்றி எடுத்த நீர் ஏன் மீண்டும் சேர்கிறது?

மார்பகப் புற்றுநோயுள்ள அம்மாவுக்கு நீர் எடுத்து இரண்டே வாரத்தில் மறுபடி மூச்சு வாங்குகிறது என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஊசி போட்டு எடுத்தவரின் பிழையல்ல அது. நுரையீரலையும் நெஞ்சுச் சுவரையும் போர்த்திய இரு சவ்வுகளில் புற்றணுக்கள் படிந்தால் இடையில் நீர் ஊறும்; வடியும் வழியும் அடைபடும். ஒரே தடவையில் பொதுவாக 1.5 லீற்றருக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவசரமாக வடித்தால் சுருங்கிக் கிடந்த நுரையீரலே வீங்கக்கூடும்.

நுரையீரல் நன்றாக விரிந்தால் டால்க் தூளைச் செலுத்திச் சவ்வுகளை ஒட்டவைக்கலாம். விரியாவிட்டால் தோலுக்கடியில் மெல்லிய குழாய் பொருத்தி வீட்டிலேயே வடிக்கலாம். மட்டக்களப்பில் அடுத்த கிளினிக்கின்போது இவ்விரண்டையும் வைத்தியரிடம் நேரே கேளுங்கள்.

அதுவரை அம்மாவை மல்லாக்கப் படுக்கவிடாமல், தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவையுங்கள். உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு முட்டினாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.