அறுவை சிகிச்சை இல்லை என்றான பின் குடலடைப்புக்கு என்ன வழி?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. சினைப்பைப் புற்றுநோய் வயிறு முழுவதும் பரவிவிட்டது. பத்து நாட்களாகத் தண்ணீர் குடித்தாலும் பச்சையாக வாந்தி எடுக்கிறார். குடல் பல இடங்களில் அடைபட்டிருப்பதால் அறுவை சிகிச்சை பயன் தராது என்கிறார்கள். மூக்குக் குழாயை அவரால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்கிறார். அழைத்துச் சென்றால் பட்டினி போட்டதாகிவிடாதா?

பதில்: அடைப்பைத் திறக்க முடியாது என்பது உண்மையாக இருக்கலாம்; ஆனால் வாந்தியையும் வலியையும் அடக்க முடியாது என்பது அதற்குப் பொருளல்ல. அடைப்பு பெருங்குடலில் ஒரே இடத்தில் இருந்தால் ஸ்டென்ட் (அடைபட்ட இடத்தை விரித்து வைக்கும் வலைக்குழாய்) பொருத்தலாம். உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாது. கீமோதெரபியில் இனி ஏதும் மிச்சமில்லையா என்பதை மட்டும் புற்றுநோய் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒன்றும் உண்ணாதவருக்கும் ஏன் வாந்தி வருகிறது என்று பலர் திகைக்கிறார்கள். உமிழ்நீர், இரைப்பைச் சுரப்பு, பித்தநீர், குடல்நீர் என நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 லிட்டர் நீர் குடலுக்குள் சுரக்கிறது. இயல்பாக அதில் பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடைப்புக்கு மேலே அது தேங்கிக் குடலை உப்ப வைக்க, உப்பிய குடல் மேலும் சுரக்கிறது. ஆகவே மருந்தின் முதல் வேலை, இந்தச் சுரப்பைக் குறைப்பது. ஹயோசின் பியூட்டைல்புரோமைடு நாளுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை தரப்படும்போது சுரப்பும், முறுக்கிப் பிடிக்கும் வலியும் தணிகின்றன. ஆக்ட்ரியோடைடு சுரப்பைக் குறைக்கும் மற்றொரு மருந்து. விலை அதிகம், எல்லோருக்கும் பலன் தருவதுமில்லை. மூன்று நாட்கள் கொடுத்தும் மாற்றமில்லை என்றால் தொடர்வதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. குமட்டலுக்கு ஹாலோபெரிடால் குறைந்த அளவில் போதும். வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோனைச் சில நாட்கள் கொடுத்துப் பார்த்து, பலனில்லையேல் நிறுத்திவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. வாந்தி என்றதும் பழக்கத்தில் மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டுவிடுவதுண்டு. அது குடலை வேகமாக அசைக்கும் மருந்து. முழு அடைப்பில், முறுக்கு வலியும் இருக்கும்போது, வலியை மோசமாக்கும். குடலைத் தூண்டும் பேதி மாத்திரைகளும் அப்படித்தான்.

வாய்வழி மாத்திரைகள் இப்போது உடலில் சேராது. தோலுக்கடியில் ஒரு சிறு பட்டர்ஃபிளை ஊசியைப் பொருத்தி அதன் வழியே மருந்து செலுத்தலாம். செவிலியர் கற்றுக்கொடுத்தால் வீட்டாரே செய்ய முடியும். தொடர்ந்து இருக்கும் வலிக்கு மார்பினும் அதே வழியில் தரப்படும். மார்பின் என்றால் முடிவு நெருங்கிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். சரியான அளவில் அது ஆயுளைக் குறைப்பதில்லை.

மூக்குக் குழாய் தற்காலிக ஏற்பாடுதான். மருந்து வேலை செய்து, குழாய் வழியே வெளியேறும் நீர் குறைந்ததும் அதை எடுத்துப் பார்க்கலாம். அதன் பிறகும் நாளுக்கு ஒன்றிரண்டு முறை வாந்தி வரக்கூடும். குமட்டல் இல்லாத அந்த வாந்தியைக் குழாயைவிடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பல நோயாளிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வாந்தி அடங்கவே இல்லையென்றால் வயிற்றின் வழியே இரைப்பையில் சிறு குழாய் பொருத்தி நீரை வெளியேற்றலாம். இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே, வயிற்றுக்குள் நீர் மிகுதியாகச் சேர்ந்திருந்தால் அது கடினம்.

பட்டினியைப் பற்றிய உங்கள் வேதனை புரிகிறது. சாப்பிடாததால் உடல் தளர்கிறது என்று நமக்குத் தோன்றினாலும், இந்தக் கட்டத்தில் தளர்ச்சிக்குக் காரணம் நோய்; பசியும் பெரும்பாலும் இருப்பதில்லை. வாந்தி தணிந்த பின் அவர் விரும்பினால் இளநீரோ மோரோ வாய் வாயாகக் கொடுங்கள். அவரை அதிகம் வருத்துவது உலர்ந்த வாய். ஈரத்துணியும் சிறு ஐஸ் துண்டும் ட்ரிப்ஸைவிட அதற்கு உதவும். ட்ரிப்ஸ் தேவைப்பட்டாலும் நாளுக்கு ஒரு லிட்டர் அளவில் இருக்கட்டும். மிகுந்தால் சுரப்பும் வீக்கமும் கூடலாம்.

இந்த நிலையில் காலம் பெரும்பாலும் வாரக்கணக்கில்தான். சிலருக்குச் சில மாதங்கள். அதனால் வீட்டுக்குப் போகும் அவருடைய விருப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். புறப்படும் முன் மருந்துகளின் அளவையும், திடீர் வலிக்கும் வாந்திக்கும் கூடுதலாகத் தர வேண்டியதையும், இரவில் அழைக்க வேண்டிய எண்ணையும் எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.