எஸ்பிரெஸோ மெஷினுக்குப் புது நிறம்: வாரண்டி போனதா?

கேள்வி: கோவையில் 72,000 ரூபாய்க்கு எஸ்பிரெஸோ மெஷின் வாங்கினேன். சமையலறை நிறத்துக்குப் பொருந்தட்டும் என்று எட்டாம் மாதம் மேல்மூடியையும் பக்கத் தகடுகளையும் கழற்றிப் பச்சை பவுடர் கோட்டிங் (தூள் பெயின்டைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) கொடுத்தேன். கைப்பிடிகளைத் தேக்கில் மாற்றினேன். பதினோராம் மாதம் பம்ப் நின்றுவிட்டது. "பாடியை மாற்றிவிட்டீர்கள், வாரண்டி கிடையாது, 6,500 கட்டுங்கள்" என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் திருடனைப் போல நடத்தினார்கள். முழுப் பணமும், மன உளைச்சலுக்கு 2 லட்சமும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: அவர்கள் பேசிய விதத்தை ஒதுக்கி வையுங்கள். வழக்கு ஒரே கேள்வியில் நிற்கும்: மெஷினைத் திறந்ததற்கும் பம்ப் நின்றதற்கும் தொடர்பு உண்டா?

வெளித்தகட்டுக்கு நிறம் கொடுத்ததால் பம்ப் கெடாது. அது உங்களுக்குச் சாதகம். ஆனால் வாரண்டி அட்டையில் "அங்கீகாரம் இல்லாதவர் திறந்தால்" என்ற வரி இருந்தால், உங்கள் சிக்கல் நிறம் அல்ல, ஸ்க்ரூவைக் கழற்றியதுதான். கைப்பிடி மாற்றியது இதில் கணக்கிலேயே வராது. அந்த வரி நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிடவும் நினைக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வாதத்தை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

இனி பலரும் விழும் குழிக்கு வருகிறேன். புகாரில் "உள்ளே எதையும் தொடவில்லை" என்று எழுதிப் பிரமாண வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பல மெஷின்களில் உலோகத் தகட்டோடு மஞ்சள்-பச்சை எர்த் வயர் ஒன்று வளைய லக் (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்), ஸ்டார் வாஷர் (பல் வைத்த வாஷர்) வைத்து முடுக்கப்பட்டிருக்கும். அதை அவிழ்க்காமல் தகட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோக முடியாது. அவிழ்த்திருந்தால் நீங்கள் வயரிங்கைத் தொட்டவர்தான். எதிர்த்தரப்பு இதைக் காட்டிவிட்டால், பம்ப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். பெருமையாக இணையத்தில் போட்ட "முன்-பின்" படங்களே அவர்களுக்குச் சாட்சியாகிவிடும்.

அந்த எர்த் வயர்தான் எனக்குப் பெரிய கவலை. பவுடர் கோட்டிங்கில் மின்சாரம் பாயாது. ஸ்க்ரூ துளையைச் சுற்றி மறைப்பு ஒட்டாமல் அடித்திருந்தால், வயரை முடுக்கியிருந்தும் எர்த் கிடைக்காமல் போகலாம். ஹீட்டர் கசிந்தால் அந்த மின்சாரம் பாடியில் நிற்கும். யாருக்காவது ஷாக் அடித்து விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (பொருளால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) போட்டால், மாற்றியமைத்த பொருள் என்று அதே சட்டத்தின் பிரிவு 87(1)ஐக் காட்டி அவர் விலகிக்கொள்வார். இப்போதே ப்ளக்கைப் பிடுங்குங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் ப்ளக்கின் பெரிய பின்னிலும், மறுமுனையைத் தகட்டில் பெயின்ட் படாத இடத்திலும் வைத்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதைப் படமெடுத்து வையுங்கள். கம்பெனி பார்த்து முடிக்கும்வரை எதையும் சுரண்ட வேண்டாம், தெருமுனை மெக்கானிக்கிடமும் கொடுக்க வேண்டாம். பம்பைக் கழற்றிவிட்டால் பிரிவு 38இன்படி ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டும் பயனில்லை. அந்த ஆய்வுக் கட்டணத்தையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் "மெஷின் மாற்றியமைக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "கழற்றியது மேல்மூடி, இரு பக்கத் தகடுகள், எர்த் வயர். பம்ப் தொடப்படவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.

முழுப் பணமும் 2 லட்சமும் கிடைக்கும் வழக்கு இது அல்ல. சமரசம் செய்துகொள்ளுங்கள். பம்பின் விலையைக் கம்பெனி ஏற்கட்டும், வேலைக்கூலியை நீங்கள் கொடுங்கள். "உரிமைகளுக்குப் பாதகமின்றி" (சமரசம் கேட்டதால் வழக்குப் போடும் உரிமையை விடவில்லை என்று பொருள்) என்று தலைப்பிட்டுப் பதிவுத் தபாலில் இதைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பம்பின் செலவை மட்டும் கேட்டு மாவட்ட ஆணையம் போங்கள். வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் காலக்கெடுவைப் பம்ப் நின்ற நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். பம்ப் மாறி வந்தாலும், எர்த்தை மீட்டரில் பார்க்காமல் ப்ளக்கைச் செருகாதீர்கள்.