வேலூரில் வீடு பார்க்கிறேன்: காட்பாடியில் புது அபார்ட்மென்ட்டா, வேலப்பாடி மாதிரி பழைய தெருவா?

கேள்வி: வேலூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகளோடு வருகிறேன். பழைய தெருக்களில் குடியிருப்பது எப்படி இருக்கும்?

பதில்:

பழைய தெருவுக்கே வாருங்கள். நான் வேலப்பாடியில் பிறந்தவள், இன்றும் இங்கேயே இருப்பவள். இந்தத் தெருக்கள் மேல் எனக்குப் பாசம் அதிகம். அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன், குறைகளையும் சேர்த்து.

வெளியூர்க்காரர்களுக்கு வேலூர் படிப்பு என்றதும் வி.ஐ.டி. நினைவுக்கு வரும். அது 1984-இல் பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்தது, பாலாற்றுக்கு அந்தப் பக்கம், காட்பாடியில். நீங்கள் சொல்லும் புது அபார்ட்மென்ட்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் படிப்பு ரொம்பப் பழசு. ஊரிசு கல்லூரி 1898. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த சிகிச்சை இல்லம்தான் பிறகு சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஆனது. 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இப்போது ஆஸ்பத்திரி ஊர் நடுவில், மருத்துவக் கல்லூரி பாகாயத்தில். சாய்நாதபுரத்தில் டி.கே.எம். மகளிர் கல்லூரி, ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி. இவை எல்லாவற்றுக்கும் வேலப்பாடி பக்கம்.

அதனால் படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டில் ஓர் அறை ஒதுக்குவது இங்கே புதுப் பழக்கம் இல்லை. என் பாட்டி காலத்தில் எங்கள் முன்னறையில் ஊரிசில் படித்த ஒரு பையன் இருந்தாராம். வாடகையில் பாதி காசு, மீதி என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. அவருக்கு வேலை கிடைத்து வேறு ஊர் போன பிறகும் பொங்கலுக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. வாடகைக்கு வந்தவர் தெருக்காரர் ஆவது இங்கே இப்படித்தான் நடந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் வந்தால் முதலில் அனுபவிக்கப் போவது அதைத்தான். எங்களுடையது திண்ணை, வாசலைத் தாண்டினதும் வரும் நடையான ரேழி, முற்றம், கூடம், பின்கட்டில் சமையலறை, அதற்கும் பின்னால் கிணறு என்று நீளமாகப் போகும் வீடு. கூடத்துக்கு மேலே மெட்ராஸ் தளம். தேக்கு விட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம். வேலூரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள் வேறு. மதியம் தெருவில் கால் வைக்க முடியாத நேரத்தில் எங்கள் கூடத்தில் வெறும் தரையில் படுத்துத் தூங்கலாம். சாயங்காலம் முற்றத்தைக் கழுவிவிட்டால் வீடே மூச்சு விடும்.

இந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சேரும். பல வீடுகளில் வெள்ளையடித்து அலுத்துப்போய் மேலே சிமென்ட் பூசி, அதற்கும் மேலே பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டார்கள். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் முன்பெல்லாம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும். இப்போது போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, ரெண்டு மழைக்காலத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். உடனே 'பழைய வீடு, சுவர் உளுத்துப்போச்சு' என்று இடித்துவிடுகிறார்கள். நல்ல சுவர். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு குறை ரோடு. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். என் சின்ன வயதில் திண்ணைக்கு மூன்று படி ஏறுவோம், இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது. சில வீடுகளில் தெரு மேலே, வாசல் கீழே. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நேராக ரேழிக்கு வரும். நீங்கள் வீடு பார்க்கும்போது அறை எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் வாசல்படியைப் பாருங்கள். தெருவைவிட ஒரு முழமாவது உயரம் இல்லாத வீட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். கோட்டை அகழியில் தண்ணீர் நிற்கும், பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் ஆறு இரு கரை தொட்டுப் போனபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனால் அது தினமும் வருவதில்லை. தொட்டி இருக்கிறதா, கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். கார் வைத்திருந்தால் யோசியுங்கள். பல தெருக்களில் ஒரு கார் நின்றால் குப்பை வண்டி நுழையாது.

சரி, இனி மனிதர்கள். இந்தத் தெருக்களை மாற்றியது வெயிலோ மழையோ இல்லை, படிக்க வருகிற பிள்ளைகளிடம் 'தலைக்கு இவ்வளவு' என்று வாங்குகிற வாடகைதான். ஒரு குடும்பம் முழு வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, கூடத்தைத் தடுத்து நாலு கட்டில், ரேழியில் ரெண்டு கட்டில் போட்டால் அதிகம் வரும். வீட்டுக்காரரின் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள், இங்கே யாரும் இல்லை. முற்றத்தை மூடி மேலே ஷீட் போடுகிறார்கள், கிணற்றை மூடி பாத்ரூம் கட்டுகிறார்கள். முற்றம் மூடினதும் வீட்டுக்குள் காற்று போச்சு. உள்ளே இருக்கும் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பரீட்சை நேரத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கும் விளக்கு எரியும், பார்க்கவே நன்றாக இருக்கும். ஆனால் வருஷா வருஷம் ஆள் மாறும் வீட்டில் வாசல் தெளிப்பவர் யார், குழாய் உடைந்தால் மாநகராட்சிக்குப் போய் எழுதிக் கொடுப்பவர் யார், பக்கத்து வீட்டுத் தாத்தா ரெண்டு நாளாக வெளியே வரவில்லை என்று கவனிப்பவர் யார்? உங்களை வரச் சொல்வது அதற்குத்தான். பல வருஷம் இருக்கப் போகிற ஒரு குடும்பம் வந்தால் அந்த ஒரு வீடு வீடாகவே நிற்கும்.

சி.எம்.சி. பக்கம் இன்னும் நெருங்கினால் வேறு உலகம். பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கமெல்லாம் லாட்ஜ்களும் பெங்காலி எழுத்துப் பலகைகளும்தான். மேற்கு வங்காளம், அசாம், பங்களாதேஷிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள், அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். மார்க்கெட்டில் மீன்காரம்மா பெங்காலியில் பேரம் பேசுவார். 1799-இல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தது வேலூர்க் கோட்டையில். 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்ததற்குப் பிறகு அவர்களை அனுப்பியது கல்கத்தாவுக்கு. அந்தக் கல்கத்தாவிலிருந்து இன்று இத்தனை பேர் உடம்பு குணமாக வேண்டும் என்று இங்கே வருவதை நினைக்கும்போது எனக்கு மனசு நெகிழும். குடும்பத்தோடு நிரந்தரமாக இருப்பதற்கு அந்தத் தெருக்கள் சரிப்படாது, அவ்வளவுதான்.

கோட்டைக்குத் தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. 2010 சட்டத் திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுசாகக் கட்டக்கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். எங்கள் தெருக்கள் அந்த எல்லைக்கு வெளியே. இந்த ஓட்டு வீடுகளை இடிக்காதே என்று சொல்ல அந்தச் சட்டத்தில் இடமில்லை. குடியிருக்கிற ஆள்தான் காவல்.

திருவிழா நாட்களைத் தெரிந்துகொண்டு வாருங்கள், தூக்கம் கெடும். சித்ரா பௌர்ணமி ராத்திரி புஷ்பப் பல்லக்குகள் வரிசையாக ஊர்வலம் வரும், ஊர் முழுக்க மல்லிகை வாசம். விடிய விடிய மேளம். சிவராத்திரி முடிந்ததும் பாலாற்றில் மயானக் கொள்ளை. ஆடி மாதம் ஒவ்வொரு தெருவிலும் கூழ். உங்கள் மகள் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நிற்கட்டும், அன்றைக்கே பாதித் தெரு அவளுக்குப் பழகிவிடும். எதிர்வீட்டில் உருது பேசுவார்கள், பக்கத்து வீட்டில் தெலுங்கு, ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி வீடு தேடி வரும். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைக்கும்போது வாங்கி எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து பாருங்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அதன் ருசி எப்போதோ தெரியும்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2017-ஆம் வருஷ வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அது கட்டாயம், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பழைய வீட்டுக்காரர்களில் பலர் வாய்வார்த்தையிலேயே பழகியவர்கள், எழுதக் கேட்டால் முதலில் முகம் சுளிப்பார்கள். பொறுமையாகச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, ஓடு மாற்றுகிற செலவு யாருடையது, சுவருக்கு நீங்களே சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ நேரில் வாருங்கள். பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போகும் நேரம், வீடுகள் காலியாகும். ஜூன் பிறந்துவிட்டால் கட்டில்காரர்கள் முந்திக்கொள்வார்கள். புரோக்கரிடம் இந்த மாதிரி வீடுகள் அதிகம் வராது. காலையில் ஆறிலிருந்து எட்டு மணிக்குள் தெருவில் நடந்து, வாசல் தெளித்துக்கொண்டிருப்பவர்களிடம் 'குடும்பத்துக்கு வீடு ஏதாவது காலியாகுமா அம்மா' என்று கேளுங்கள்.