அன்டிவைரஸ் அப்டேட்டுக்குப் பிறகு லப்டொப் எழும்பவில்லையா? போர்மட் அடிக்க விடாதீர்கள்

கேள்வி: அன்டிவைரஸ் அப்டேட் ஆன இரவிலிருந்து லப்டொப் வின்டோஸ் சின்னத்தோடு சுற்றிக்கொண்டே நிற்கிறது. போர்மட் அடித்தால்தான் சரிவரும் என்கிறார் கடைக்காரர். மகளின் ஏ.எல். குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான். கொடுக்கலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

கொடுக்க வேண்டாம். முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்.

அன்டிவைரஸ் வின்டோஸோடு சேர்ந்தே, அதன் அடித்தளத்துக்குள் ஏறிக்கொள்ளும். அதற்குப் பிழையான அப்டேட் வந்தால் வின்டோஸும் எழும்பாது. கோப்புகள் பெரும்பாலும் அப்படியே பத்திரமாக இருக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு சுமார் 85 இலட்சம் கணினிகளை விழுத்தியது. அந்தக் கோப்பை அழித்ததும் அவை எழும்பின. 2010 ஏப்ரலில் மெக்காஃபி அன்டிவைரஸ், வின்டோஸின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. 14 வருடம் போயும் ஒரே மூச்சில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் பிறகு பார்க்கும் பழக்கம் போகவில்லை. அல்லற்படுவது பாவனையாளர்தான்.

பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி அணையுங்கள். திரும்பப் போட்டு, சின்னம் தெரிந்ததும் மறுபடி அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நீலத் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4ஐ அழுத்துங்கள். இதுதான் சேஃப் மோட்; அன்டிவைரஸ் போன்றவற்றை ஓட்டாமல், அத்தியாவசியமானவற்றோடு மட்டும் வின்டோஸ் எழும்பும் முறை. இங்கே எழும்பினால் வின்டோஸில் பெரிய பிழை இல்லை. போர்மட் தேவையே இல்லை.

முதல் வேலையாகக் குறிப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். சேஃப் மோடில் வழமையான அன்இன்ஸ்டோல் பல தடவை மறுக்கும். அதற்கான சேவை அங்கே ஓடாது. அன்டிவைரஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அகற்றும் கருவி இலவசமாகக் கிடைக்கும். வேறு கணினியில் இறக்கிக் கொண்டுவந்து ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் வின்டோஸோடு வரும் டிஃபெண்டர் அன்டிவைரஸ் தானாக விழித்துக்கொள்ளும். வீட்டுப் பாவனைக்கு அதுவே போதும்.

ஒரு இடத்தில் மட்டும் மிகக் கவனம். வழியில் 48 இலக்க பிட்லொக்கர் கீ கேட்கலாம். பிட்லொக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வின்டோஸ் வசதி. புது லப்டொப்கள் பலவற்றில், மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். கீ அந்தக் கணக்கில் போய் இருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, திரையில் தெரியும் கீ அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுங்கள். கடைக்காரர் தன் ஈமெயிலைப் போட்டு லப்டொப்பைத் தயார்செய்து தந்திருந்தால் கீ அவர் கணக்கில் கிடக்கும்! உடனே போய்க் கேட்டு வாங்குங்கள். கீ இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலும் ஒன்றும் வாசிக்க முடியாது. மைக்ரோசொப்டாலும் எடுத்துத்தர முடியாது. போர்மட் அடித்தால் அதோடு குறிப்புகள் போனதுதான்.

அன்டிவைரஸுக்கு "லைஃப்டைம் கீ" என்று மலிவாக விற்பதை வாங்காதீர்கள். பல இடங்களில் விற்கப்பட்ட ஒரே கீ அது. ஒருநாள் நிறுவனம் முடக்கிவிடும், விற்றவர் கைவிரிப்பார். கடைக்குப் போயே ஆகவேண்டுமென்றால் "டேட்டாவை எடுக்காமல் போர்மட் அடிக்கக் கூடாது" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு முறையிடப் போனால் கையில் காட்ட அந்தத் துண்டு வேண்டும்.