சனிக்கிழமை மட்டும்தான் குடிக்கிறான்

அன்புள்ள அக்கா,

கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் ரூம்மேட் சனிக்கிழமை மட்டும்தான் குடிப்பான். அரியர் எதுவும் கிடையாது. ஆனால் கொஞ்ச நாளாக, ராத்திரி நடந்தது காலையில் நினைவில்லை என்கிறான். ‘குவார்ட்டர் அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்’ என்று ஹாஸ்டலில் அவனுக்குப் பெருமை வேறு. நான் வீணாகப் பயப்படுகிறேனா?

ச.

அன்புள்ள ச.,

வீண் பயம் இல்லை. குடிநோயாளி என்றதும், டாஸ்மாக் திறக்கக் காத்திருக்கும் கை நடுங்கும் மனிதர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அந்த நடுக்கம் பெரும்பாலும் பல வருடக் குடிக்குப் பிறகு வருவது. இருபது வயதுப் பையனிடம் அதைத் தேடினால் கிடைக்காது, எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க, உலக சுகாதார நிறுவனம் ‘ஆடிட்’ என்று பத்துக் கேள்விகள் வைத்திருக்கிறது. அதில் ஒன்று, ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பது. ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் ஊர் பிராந்தி 42.8 சதவீதம், 180 மில்லி குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம். ஆக, ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்பதே ஆறு அளவு. வாரத்தில் ஆறு நாள் தொடாமல் இருப்பது இந்தக் கணக்கை மாற்றாது. பத்துக் கேள்விக்கும் சேர்த்து மொத்தம் 40 மதிப்பெண். அதில் 8 வந்தாலே கவனிக்க வேண்டும்.

நினைவு போவதும் அந்தப் பத்தில் ஒரு கேள்வி. மட்டையாகி விழுவது வேறு. இவன் நடக்கிறான், பேசுகிறான், வண்டிகூட எடுப்பான். ஆனால் மூளை எதையும் பதிவு செய்வதில்லை. ஸ்டெடியாக நிற்பதும் பெருமைக்குரியதல்ல. உடம்பு பழகிவிட்டது, அதே போதைக்கு இனி அதிகம் கேட்கும். நண்பர்கள் கைதட்டும் அந்த இடத்தில்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஞாயிறு மத்தியானம், தெளிந்திருக்கும்போது, தனியாகப் பேசுங்கள். ‘நீ குடிகாரன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் மறந்துபோன ராத்திரியில் நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். அவன் காதுகொடுத்துக் கேட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களும் கூடப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், என்றைக்காவது எழுப்பியும் எழவில்லை என்றால், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். வார்டனுக்குத் தெரிந்துவிடுமே என்று அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது.

அன்புடன்,
அக்கா