முட்டை சேர்க்காத கேக்கும் மகளின் சாப்பாடும்

கேள்வி: பதினைந்து வயதான என் மகள் சென்ற தைப்பொங்கலிலிருந்து மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் விட்டுவிட்டாள். அவளுடைய பிறந்தநாளுக்காக, முட்டைக்குப் பதிலாகத் தயிர் சேர்த்து இரண்டு தடவை கேக் செய்து பார்த்தேன். இரண்டு தடவையும் நடுப்பகுதி குழிந்துவிட்டதோடு சவர்க்கார மணமும் வந்தது. முட்டை இல்லாத கேக்கில் என்ன சத்து இருக்கப்போகிறது என்று மாமியாரும் கவலைப்படுகிறார்.
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சவர்க்கார மணம் என்று நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. அப்பச் சோடா தயிரின் புளிப்போடு சேரும்போது உண்டாகும் வாயுவே கேக்கை எழுப்புகிறது. புளிப்புப் போதாவிட்டால் மிஞ்சும் சோடா அந்த மணத்தைக் கொடுக்கும். படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிர் புதிதாக இருக்கும்போது புளிப்புக் குறைந்து கெட்டியாக இருக்கும். பாணி ஊற்றிச் சாப்பிட அதற்கு இணை இல்லை. ஆனால் கேக்குக்கு இரண்டு மூன்று நாள் வைத்துப் புளித்த தயிரே ஏற்றது. முக்கால் கோப்பைத் தயிரைக் கால் கோப்பைத் தண்ணீர் விட்டு அடித்து, முக்கால் கோப்பைச் சீனியையும் அரைக் கோப்பை எண்ணெயையும் சேர்த்துக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கோப்பைக் கோதுமை மாவுடன் அரைத் தேக்கரண்டி அப்பச் சோடாவையும் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் சேர்த்து அரித்து, அதில் இட்டு, மாக்கட்டிகள் மறையும் வரை மட்டும் கலவுங்கள். அதற்கு மேல் அடித்தால் கேக் இறுகிவிடும். சோடாவும் தயிரும் சேர்ந்த கணமே வாயு வெளியேறத் தொடங்குவதால், ஓவனை 180 பாகை செல்சியசுக்கு முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்து, கலவையைத் தாமதிக்காமல் உள்ளே வைக்க வேண்டும். முதல் இருபத்தைந்து நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். நடுப்பகுதி குழிவது பெரும்பாலும் இந்த அவசரத்தினாலோ, சோடா கூடியதனாலோதான். முப்பத்தைந்து நிமிடமளவில் ஈர்க்குக் குச்சியால் குத்திப் பாருங்கள்.

மாமியாரின் கவலை நியாயமானதுதான். ஆனால் அது கேக்கைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. இரண்டு முட்டை சேர்த்த கேக்கை எட்டாக வெட்டினால் ஒரு துண்டில் முட்டையிலிருந்து வருவது ஒன்றரைக் கிராம். ஒரு கைப்பிடி கச்சானில் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் இருக்கிறது. முட்டையும் மீனும் இல்லாமற்போன இடத்தை நிரப்ப வேண்டியது மதியச் சாப்பாட்டில்தான். சோற்றுப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பிலும் பயற்றிலும் நிறைய உண்டு என்பதால், சோறும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். வளரும் பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்து மிகவும் வேண்டும். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. சுண்டலில் தேசிக்காய் பிழிவதும், சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் தின்பதும் அதற்கு உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் நம் வழக்கம் அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடிக்கட்டும்.

விட்டமின் பி12 பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவைப்படும் இச்சத்தை எந்தக் கீரையிலும் பருப்பிலும் நம்பத்தக்க அளவில் பெற முடியாது. பாலிலும் தயிரிலும் அது உண்டு. சூட்டில் ஒரு பகுதி அழிவதால், கேக்கில் வெந்த தயிரை விடக் கிண்ணத்தில் சாப்பிடும் தயிரே பயன்படும். மகள் பாலையும் விட்டுவிட்டால் மாத்திரை தேவைப்படும், மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் ஜெலி மாவைச் சைவ உணவுக்காரருக்குக் கொடுக்கலாமா?
- வாசகர், கல்முனை

பதில்: பெட்டியில் ஜெலட்டின் என்று அச்சிட்டிருந்தால் கொடுக்க முடியாது, அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. உங்கள் ஊரில் நோன்புக் காலத்தில் காய்ச்சும் கடற்பாசியே அதற்கு மாற்று. அது நன்றாகக் கொதித்துக் கரைய வேண்டும், உறைவதற்குக் குளிர்சாதனப் பெட்டிகூட வேண்டியதில்லை. பச்சை அன்னாசி ஜெலட்டினை உறையவிடாது. கடற்பாசியை அவ்வாறு குலைப்பதில்லை. ஆனாலும் புளிப்புச் சேர்ந்து கொதித்தால் கடற்பாசியும் இளகும் என்பதால், அன்னாசித் துண்டுகளை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே போடுங்கள்.