முந்திரிகைத் தோட்டம் பார்க்கப் போகும் ஆறு பேருக்கு

கேள்வி: அக்கா, நாங்கள் ஒன்றாய்ப் படித்த ஆறு பேர். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு முதல் தடவையாக ஒரு சனி, ஞாயிறு யாழ்ப்பாணம் போய், முந்திரிகைத் (திராட்சை) தோட்டம் பார்த்து, அங்கே செய்கிற வைனும் இரண்டு போத்தல் வாங்கி, ஓரிரவு தங்கி வர யோசிக்கிறோம். வான்காரர் "எல்லாம் பார்த்துச் செய்யலாம்" என்று அட்வான்ஸ் கேட்கிறார். கெஸ்ற் ஹவுஸிலும் பாதிக் காசு முதலே போடச் சொல்கிறார்கள். எங்கே ஏமாறுவோமோ என்று பயமாக இருக்கிறது. எங்களில் ஒருவனுக்கு 20 வயதுதான். அதில் பிரச்சினை வருமா?
- திருவையாறு, கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, "பார்த்துச் செய்யலாம்" என்ற சொல்லை நம்பி ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு கலியாணத்துக்குக் கிளிநொச்சியிலிருந்து பருத்தித்துறைக்கு வான் பிடித்தோம். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று மட்டும்தான் பேச்சு. திரும்பி வந்து வாசலில் இறங்கினால், கணக்கு 30 கி.மீ. கூடி நிற்கிறது. வானின் கராச் எங்கள் வீட்டிலிருந்து 15 கி.மீ. தள்ளி. அங்கிருந்து அது வந்ததும் திரும்பிப் போவதும் எங்கள் தலையில் விழுந்துவிட்டது. "கராச்சிலயிருந்து கராச்சுக்குத்தான் கணக்கு, எல்லாரும் அப்பிடித்தான்" என்றார் அவர். எழுத்தில் ஒன்றும் இல்லை. கட்டிவிட்டு வந்தோம்.

அதனால் அவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போடுங்கள். மீற்றர் எங்கே தொடங்கி எங்கே முடியும், நாளுக்கு எத்தனை கி.மீ. அடக்கம், அதற்கு மேல் கி.மீ. ஒன்றுக்கு எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் இரவுத் தங்கலும் யார் பொறுப்பு, ஏசி சேர்த்தா சேர்க்காமலா. அவர் "ஓம்" என்று பதில் போட்ட பிறகு அட்வான்ஸைக் கொடுங்கள். ஏறும்போது மீற்றரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ9 வழியே யாழ்ப்பாணம் ஒரு பக்கம் ஏறத்தாழ 65 கி.மீ. உள்ளூர்ச் சுற்றலோடு இரண்டு நாளும் சேர்த்து 200 கி.மீ. அளவில் முடியும். நாளுக்கு 100 கி.மீ. அடக்கம் என்று பேசினால் உங்களுக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். இன்னொன்று, வானின் காப்புறுதி வாடகைப் பாவனைக்கு எடுத்ததா என்று கேளுங்கள். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு ஹயர் ஓடினால், விபத்து என்று வரும்போது காப்புறுதிக் கம்பனி கையை விரிக்கலாம்.

கெஸ்ற் ஹவுஸில் கேட்க வேண்டியது விலை ஆளுக்கா அறைக்கா, வராவிட்டால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும், இந்த இரண்டும்தான். பில்லில் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) போட்டிருந்தால், வற் பதிவு இலக்கமும் அதிலே இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் வற் அறவிட முடியாது.

இனித் தோட்டம். படங்களில் வருவதுபோல் குன்று குன்றாக முந்திரிகை, வாசலில் கிளாஸோடு ஒருவர் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். உரும்பிராய், அச்சுவேலிப் பக்கங்களில் இருப்பவை வீட்டோடு ஒட்டிய செம்மண் காணிப் பந்தல்கள். அது ஒரு கமக்காரனின் வயிற்றுப்பாடு. முதல்நாள் ஃபோன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். கொடியைக் கவாத்துப் பண்ணி, அதாவது கிளைகளை நறுக்கிவிட்டு, ஏறத்தாழ மூன்று, நான்கு மாதத்தில்தான் குலை பழுக்கும். கேட்காமல் போனால் வெறும் இலையைப் பார்த்துவிட்டு வருவீர்கள். மாரியில் போகவே வேண்டாம். மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பந்தலுக்குள் குனிந்து போனால் குலைகள் தலையில் முட்டும். அங்கே கூடுதலாக இருப்பது 'இஸ்ரேல் புளூ' என்ற கறுநீல இனம். பழத்தில் சாம்பல் பூத்ததுபோல் இருப்பதை மருந்து என்று பயந்து துடைக்காதீர்கள். அது பழத்தின் சொந்த மெழுகு, விரல் பட்டால் அழியும். அது அழியாமல், காம்பும் பச்சையாக இருந்தால் புதிதாக வெட்டியது. காம்பு மண்ணிறமாகிக் காய்ந்திருந்தால் வெட்டி நாளாகிவிட்டது. மருந்து பற்றிய பயம் நியாயம்தான், அதற்கு "கடைசியா எப்ப அடிச்சனீங்கள்?" என்று நேரே கேளுங்கள். புளிக்கிற குலையை "வீட்டில வைச்சாப் பழுக்கும்" என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். முந்திரிகை வெட்டிய பிறகு இனிக்காது. ஒரு பழம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். விலையில் மட்டும் அடித்துப் பேச வேண்டாம். ஒரு மழையில் முழுப் போகத்தையும் இழக்கிற மனிதர்கள் அவர்கள்.

வைனுக்கு இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய தோலகட்டி ஆச்சிரமம். எங்கள் வீடுகளில் நெல்லிரசம் (நெல்லிக்காய்ச் சாறு) என்றால் நினைவுக்கு வருவது அதுதான். மற்றது கொழும்புத்துறை வீதியில் உள்ள றோசேரியன் கன்னியர் மடம். 'றொசெற்றோ' என்ற இனிப்பு வைன் அங்கே கிடைக்கும், கறுவாவும் கராம்பும் மணக்கும். இவை செபமும் தியானமும் நடக்கிற இடங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டாமல் சனிக்கிழமையே வாங்கி முடியுங்கள். போகுமுன் கலண்டரையும் பாருங்கள், போயா நாளில் மது விற்பனைக்குத் தடை.

20 வயதுத் தம்பிக்கு விற்பதே குற்றம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நிரம்பியிருக்க வேண்டும். அவனுக்கு முந்திரிகைச் சாறோ நெல்லிரசமோ வாங்கிக் கொடுங்கள், அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. லேபிள் இல்லாத போத்தலில் "வீட்டில செய்தது, சுத்தமானது" என்று யார் நீட்டினாலும் வேண்டாம். உரிமம் இல்லாமல் மது செய்து விற்பது சட்டவிரோதம், உள்ளே என்ன கலந்தது என்று கேட்கவும் ஆளில்லை. சாரதிக்கு ஒரு வாயும் கொடுக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். போத்தலில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். எழுத்தில் முறைப்பாடு செய்வதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்யுங்கள். அதுவரை பில்லையும் வான்காரரின் அந்த "ஓம்" மெசேஜையும் அழிக்காதீர்கள்.

திரும்பும்போது பழத்தைப் பொலித்தீன் பையில் கட்டாமல், காட்போட் பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். ஆனையிறவு வெயிலில் பை வியர்த்தால், வீடு வந்து சேர முன்னமே பழம் உதிரத் தொடங்கிவிடும்.